காசு கொடுத்துக் காற்று வாங்கலாமா?

வாளையாரில் தொடங்கி வேலந்தாவளம், கோவிந்தாபுரம் வரையிலும், மலைப் பக்கம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி பாதைகளிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பச்சை நிற வால்வு மூடி இன்று புதிதல்ல. சக்கரத்தில் பச்சை மூடி இருந்தால், உள்ளே இருப்பது சாதாரணக் காற்று அல்ல, நைட்ரஜன் என்று பொருள். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம். நைட்ரஜனுக்கு மட்டும் காசு. ஒரு சக்கரத்துக்குப் பத்து, இருபது ரூபாயில் தொடங்கி, புதிதாக நிரப்புவதென்றால் அதற்கு மேலும் வாங்குகிறார்கள்.

நைட்ரஜன் நிரப்பினால் டயர் சூடாகாது, வெடிக்காது, காற்று இறங்காது, பெட்ரோல் மிச்சமாகும், டயர் நீண்ட நாள் உழைக்கும் என்று அடுக்குகிறார்கள். கோடையில் கொதிக்கும் பாலக்காட்டுச் சமவெளியிலும், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இடுக்கி மலைப் பாதையிலும் மாறி மாறி ஓடும் வண்டிகளுக்கு இவை அத்தனையும் வேண்டியவைதான். ஆனால் இவற்றில் எது மெய், எது மிகை? கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா?

காற்றில் இருப்பது என்ன?

முதலில் ஒரு செய்தி. இலவசமாகக் கிடைக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். 21 பங்கு பிராணவாயுவாகிய ஆக்சிஜன். மிச்சமுள்ள ஒரு பங்கில் பெரும்பகுதி ஆர்கான் என்ற வாயு. இவற்றோடு இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி ஈரப்பசையும் கலந்திருக்கும்.

நைட்ரஜன் இயந்திரம் எங்கிருந்தோ ஒரு புது வாயுவைக் கொண்டு வருவதில்லை. அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அழுத்தி, ஈரத்தை நீக்கி, நுண்ணிய இழைக் குழாய்கள் வழியாகவோ ஒருவகைக் கரித் துகள்கள் வழியாகவோ செலுத்தி, ஆக்சிஜனைப் பிரித்து வெளியே விட்டுவிடுகிறது. எஞ்சுவது நூற்றுக்கு 95 பங்கு அளவில் நைட்ரஜன். இயந்திரத்தைச் சரியாகப் பராமரித்தால்தான் இந்த அளவு கிடைக்கும். ஆகவே காசு கொடுப்பவர் வாங்குவது 78 பங்குக்கும் 95 பங்குக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே.

விமானத்திலிருந்து வந்த வழக்கம்

நைட்ரஜனுக்கு இத்தனை பெயர் வந்ததற்கு விமானங்களே காரணம். 1986 மார்ச் 31-ம் தேதி மெக்ஸிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மலையில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 167 பேரும் மாண்டார்கள். ஒரு சக்கரத்தின் பிரேக் அளவு மீறிச் சூடேறி, டயர் வெடித்து, எரிபொருள் குழாய்களையும் மின் கம்பிகளையும் அறுத்ததே விபத்துக்குக் காரணம் என்று தெரிய வந்தது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டே, பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் சக்கரங்களில் நைட்ரஜன் போன்ற வாயுவைத்தான் நிரப்ப வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. டயருக்குள் ஆக்சிஜன் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள விதி.

விமானத்தின் நிலைமை வேறு. பல டன் எடையோடு மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொட்டு, ஒரு நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். பிரேக் நெருப்பாகக் காயும். அந்தச் சூட்டில் டயரின் உட்பக்க ரப்பர் ஆவியாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து பற்றிக்கொள்ளக் கூடும். மேலே பறக்கும்போதோ வெளியில் உறைபனிக் குளிர். உள்ளே ஈரம் இருந்தால் அது பனிக்கட்டியாகிவிடும். இந்த இரண்டு ஆபத்தும் காருக்குக் கிடையாது.

மலை இறக்கத்தில் காரின் பிரேக்கும் சூடாகத்தானே செய்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். போடிமெட்டிலிருந்து முந்தல் வரையிலும், குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரையிலும் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் கருகல் வாசனை வரும். ஆனால் அதற்கு மருந்து டயருக்குள் இருக்கும் வாயுவில் இல்லை, கியரில் இருக்கிறது. எந்த கியரில் மலை ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். அதை மறந்தவரை நைட்ரஜன் காப்பாற்றாது.

சமவெளியும் மலையும்

நைட்ரஜன் சூட்டில் விரியாது, அதனால் அழுத்தம் மாறாது என்பது பரவலாகச் சொல்லப்படும் விஷயம். இது சரியல்ல. எல்லா வாயுக்களும் சூட்டில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளக்கும் அழுத்தத்தையே ஓட்டுநர்கள் சுருக்கமாகப் பவுண்டு என்கிறார்கள். 32 பவுண்டு நிரப்பிய டயரில் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பவுண்டு கூடும், பத்து டிகிரி இறங்கினால் அதே அளவு குறையும். காற்றானாலும் நைட்ரஜனானாலும் கணக்கு ஒன்றே.

மலைப் பாதையில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் டயருக்குள் இருக்கும் வாயு அப்படியே இருந்தாலும், அளவுமானியில் முள் சற்று உயர்ந்து காட்டும்.

போடிநாயக்கனூரில் 35 டிகிரி வெயில் நேரத்தில், ஓடாமல் ஆறியிருந்த டயருக்கு 32 பவுண்டு வைத்துக்கொண்டு ஒருவர் மூணாறு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூணாறு கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் அங்கே 12 டிகிரி குளிர். வெப்பம் குறைந்ததால் சுமார் மூன்றரை பவுண்டு இறங்கும். உயரத்தால் சுமார் இரண்டு பவுண்டு ஏறும். மறுநாள் காலையில் பார்த்தால் முப்பதரை பவுண்டு காட்டும். ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது.

திரும்பி வரும்போது கவனம் வேண்டும். மூணாறில் 10 டிகிரிக் குளிரில் 32 பவுண்டு நிரப்பிக்கொண்டு போடிக்கு இறங்கினால், கீழே 35 டிகிரி வெயிலில் அதே டயர் ஆறிய நிலையிலேயே 34 பவுண்டு காட்டும். ஓடிய சூடும் சேர்ந்தால் அதற்கு மேலும் மூன்று, நான்கு பவுண்டு ஏறும். டயர் இதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. பதறிப் போய்க் காற்றைப் பிடுங்கிவிட வேண்டியதில்லை. நைட்ரஜன் நிரப்பியிருந்தாலும் முள் காட்டும் எண்களில் மாற்றம் இராது.

பாலக்காட்டுப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறும் இதுவே. கோவையிலிருந்து மத்தியான வெயிலில் வாளையார் வழியாக ஓடி வந்த வண்டியை நிறுத்தி, சூடான டயரில் அளக்கிறார்கள். 36 காட்டுகிறது. கூடுதலாக இருக்கிறதே என்று நான்கு பவுண்டைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். இரவு ஆறியதும் அது 28 ஆகிவிடுகிறது. மறுநாள் முதல் வண்டி குறைந்த காற்றில் ஓடுகிறது. கொடுத்த காசுக்கு நைட்ரஜன் நிரப்பியிருந்தாலும் இந்தத் தவறு தவறுதான்.

கசிவு குறைவது உண்மை

நைட்ரஜனுக்கு உண்மையாகவே ஒரு நன்மை உண்டு. ரப்பர் முழுக்க முழுக்க அடைப்பானது அல்ல. அதன் வழியாக வாயு மிக மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜன் சீக்கிரம் கசியும். நைட்ரஜன் தாமதமாகக் கசியும். டியூப் இல்லாத டயர்களின் உட்பக்கத்தில் பியூட்டைல் வகை ரப்பர்ப் பூச்சு கொடுப்பதே இந்தக் கசிவைக் குறைக்கத்தான். கேரளத்துத் தோட்டங்களில் பால் வடித்து எடுக்கும் இயற்கை ரப்பரைவிட அந்தச் செயற்கை ரப்பரில் கசிவு பல மடங்கு குறைவு.

நைட்ரஜனால் கசிவு எவ்வளவு குறைகிறது? அமெரிக்காவில் நுகர்வோருக்காகப் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 வகை டயர்களை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் காற்றும் ஒன்றில் நைட்ரஜனும் 30 பவுண்டு நிரப்பி, ஓராண்டு திறந்த வெளியில் வைத்தது. 2007-ல் முடிவு வெளிவந்தது. காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பவுண்டு இழந்திருந்தன. நைட்ரஜன் நிரப்பியவை 2.2 பவுண்டு இழந்திருந்தன. ஓராண்டு முழுவதும் தொடாமல் விட்டதற்கு வித்தியாசம் 1.3 பவுண்டு. நைட்ரஜனும் இறங்கத்தான் செய்தது என்பது கவனிக்கத் தக்கது.

இந்த 1.3 பவுண்டால் பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகும்? நான்கு சக்கரத்திலும் ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருள் செலவு நூற்றுக்கு 0.2 பங்கு கூடும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. மாதம் 5,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுபவருக்கு இது 13 ரூபாய் ஆகிறது. அதுவும் ஓராண்டு காற்றே பார்க்காதவருக்கு, ஆண்டின் கடைசி மாதத்தில். மாதம் ஒரு முறை இலவசக் காற்றைச் சரி பார்த்துக்கொள்பவருக்கு இந்த வித்தியாசம் இல்லவே இல்லை.

பச்சை மூடிக்குள் இருப்பது

நைட்ரஜன் நிரப்பியது என்று சொல்லப்படும் டயரில் உண்மையில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதும் யோசிக்க வேண்டியது. காற்றை முழுவதும் திறந்துவிட்டாலும் டயர் வெறுமையாகிவிடாது. வெளியில் இருக்கும் அளவு காற்று உள்ளேயும் தங்கிவிடும். அதன்மேல் 95 பங்கு நைட்ரஜனை 32 பவுண்டு வரை நிரப்பினால், டயருக்குள் ஆக்சிஜன் இன்னும் நூற்றுக்குப் பத்துப் பங்கு இருக்கும். மறுபடி ஒரு முறை திறந்துவிட்டு நிரப்பினால்தான் அது ஆறு, ஏழு பங்குக்கு இறங்கும்.

காற்றைத் திறந்துவிடாமல், 28 பவுண்டு சாதாரணக் காற்று இருக்கும் டயரில் நான்கு பவுண்டு நைட்ரஜனை மட்டும் ஏற்றினாலோ, 78 பங்கு நைட்ரஜன் இருந்தது 80 பங்கைக்கூட எட்டாது. கொடுத்த காசு பச்சை மூடிக்குத்தான்.

இன்னொரு பயமும் தேவையில்லை. நைட்ரஜன் நிரப்பிய டயரில் சாதாரணக் காற்றை அடித்தால் கெடுதல் வரும் என்று சிலர் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் ஒன்றும் ஆகாது. காற்றே அந்தக் கலவைதானே! நைட்ரஜன் கடை வரும்வரை என்று குறைந்த காற்றோடு மலை இறங்குவதுதான் ஆபத்து.

ஈரமும் ரப்பரும்

நைட்ரஜன் உலர்ந்த வாயு என்பதும் நல்லதே. இடுக்கியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றே நனைந்திருக்கும். அழுத்தும் இயந்திரத்தின் தொட்டியில் நீர் சேர்ந்து, அது டயருக்குள்ளும் போனால் இரும்பு ரிம் துருப்பிடிக்கலாம், வால்வு கெடலாம், அழுத்தமும் சற்றுக் கூடுதலாக ஏறி இறங்கும். ஆனால் தொட்டியின் அடியில் உள்ள குழாயைத் தினமும் திறந்து நீரை வடித்துவிடும் கடையில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும்.

ரப்பரை உள்ளிருந்து முதுமையாக்குவது ஆக்சிஜன் என்பதும் மெய்தான். அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை 2009-ல் வெளியிட்ட சோதனைகளில், நைட்ரஜன் நிரப்பிய டயர்களில் இந்த முதுமை தாமதப்பட்டது தெரிந்தது. ஆனால் டயர் உருளும்போது ஏற்படும் தடை அதனால் குறையவில்லை. வெளிப்பக்கத்தில் வெயிலும் காற்றும் ரப்பரைத் தின்றுகொண்டே இருக்கின்றன. தினமும் ஓடும் வண்டியில் உட்புறம் முதுமையாகும் முன்பே பட்டன் தேய்ந்துவிடும்.

ஆகவே நைட்ரஜனால் பயன் பெறுபவர் சிலரே. வளைகுடா நாட்டில் வேலை பார்த்து, ஊரில் காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருப்பவர் ஒருவர். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் கனரக வண்டிகளைக் கணக்கு வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் வேறொரு வகை. பந்தயக் கார்க்காரர்களும் உலர்ந்த வாயுவை விரும்புவார்கள். 2019-ல் நாடாளுமன்றத்தில் அப்போதைய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரி, விரைவுச் சாலை விபத்துகளைக் குறைக்க டயர்களில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்கும் யோசனை இருப்பதாகச் சொன்னார். எனினும் சொந்தக் காருக்கு அப்படி ஒரு கட்டாயம் வரவில்லை.

டயர் வெடிப்பது எதனால்?

வெடிக்கும் டயருக்குள் இருந்தது காற்றா நைட்ரஜனா என்பதல்ல கேள்வி. போதிய அளவு இருந்ததா என்பதே கேள்வி. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகி ஒடிவது போல, உள்ளே இருக்கும் நூலிழைகள் சூடாகி ரப்பரை விட்டுப் பிரிகின்றன. வெயில், வேகம், பாரம் மூன்றும் சேரும்போது அது கிழிகிறது. சூடு பிறப்பது ரப்பரில். உள்ளே எந்த வாயு இருந்தாலும் அந்தச் சூடு குறையாது.

எல்லைப் பகுதியில் இது உயிர்ப் பிரச்சினை. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து உடும்பன்சோலை, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகள் கிளம்புகின்றன. இருக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றுவது அங்கே அன்றாடக் காட்சி. பெரும்பாலும் பெண்கள். இந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் பல முறை வந்ததுண்டு. டயரின் பக்கச்சுவரில் அளவை அடுத்து 91 என்று எண் இருந்தால், அந்த ஒரு டயர் தாங்கக் கூடிய எடை 615 கிலோ என்று பொருள். அதுவும் உரிய காற்று இருந்தால். பாரம் கூடி, காற்றும் குறைந்து, பட்டனும் தேய்ந்த டயரோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும் வண்டிக்குப் பச்சை மூடி என்ன காப்பு?

முதலமடையிலிருந்து மாம்பழம் ஏற்றும் லாரிகளில் வேறு விதம். பின்பக்கம் இரட்டை டயர்களில் உள் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதில் காற்று இறங்கினால் முழுப் பாரமும் வெளி டயர்மேல் விழும். இரும்புக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நல்லதே. ஆனால் முற்றிலும் இறங்கிய டயரைத்தான் அது காட்டிக் கொடுக்கும். இருபது பவுண்டு குறைந்ததைக் காது சொல்லாது, அளவுமானிதான் சொல்லும். கார்த்திகை, மார்கழியில் குமுளி, வண்டிப்பெரியாறு வழியே சபரிமலைக்கு இரவு பகலாக ஓடும் வேன்களுக்கும் இது பொருந்தும்.

செய்ய வேண்டியவை

மாதம் ஒரு முறையும், மலைப் பயணத்துக்கு முன்பும், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரிலும் காற்று பார்க்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத நிலையில் அளப்பதே சரி. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். குடும்பத்தோடும் சாமான்களோடும் போகும்போது வைக்க வேண்டிய கூடுதல் அளவும் அதிலேயே உண்டு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச எல்லை. அதை வைக்க வேண்டிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காரின் டயரை மாற்றிவிட வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடாக இருக்கும் அடையாளம் அந்த எல்லையைக் காட்டும். டயர் எப்போது செய்யப்பட்டது என்பதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு எண்கள் சொல்லும். 2321 என்றிருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம். வால்வு மூடி எந்த நிறமாக இருந்தாலும், இருக்க வேண்டியது அவசியம். தூசியும் நீரும் புகாமல் தடுப்பது அதுதான்.

புது டயர் மாட்டும்போது கடைக்காரர் நைட்ரஜனை இலவசமாக நிரப்பிக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், அதனால் தீங்கில்லை. காசு கேட்டால், அந்தக் காசைச் சேர்த்து வைத்து நல்ல அளவுமானி ஒன்று வாங்கிக்கொள்வது மேல். சில முறை நைட்ரஜன் நிரப்பும் செலவில் அது கிடைத்துவிடும். பெட்டியில் கிடக்காமல் மாதம் ஒரு முறை அது வெளியே வந்தால், இலவசக் காற்றே போதும்.